கச்சேரி ரோட்டில் போட்ட பிரேக்

ராயப்பேட்டை, சென்னை
20.08.2025, புதன்கிழமை

பிரியமுள்ள பங்கஜம் மாமிக்கு,

சகினா எழுதுகிறேன். ஆண்டவன் கிருபையில் இங்கே நான் சுகம். பெங்களூரில் மகள் மெஹக்கும் சுகம், ஆபீஸ் வேலைதான் அவளைத் தின்கிறது. அங்கே நீங்களும் ராம்குமாரும் மருமகள் பூஜாவும் நல்லபடியாக இருக்க வேண்டும். புனேயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு இருமிக்கொண்டு இருக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைக் கத்தியதும் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று நடுங்கிப்போனேன். பார்த்தால் உங்கள் கையெழுத்து, முழுசாக நாலு பக்கம். ஒருமுறை நின்றுகொண்டே படித்தேன். ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். தப்பில்லை, நீங்கள்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள்.

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் உங்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ராம்குமார் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நல்ல பிள்ளை, குற்றம் சொல்லவில்லை. ஆனால் இப்போது நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயம் இல்லை. மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. மெட்ரோ வேலைக்காக லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரைக்கும் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். நேற்றுப் போன வழி இன்றைக்கு இல்லை. என்னிடம் படிக்கிற பெண்களுக்கு வண்டி ஓட்டுவதைவிட வழி கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. நேற்று ஒருத்தியை இடது பக்கம் திரும்பச் சொன்னேன், பயத்தில் நேராகப் போய்விட்டாள். சுற்றிச் சுற்றி அபிராமபுரம் வழியாக வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அவளுக்கு ஒரே குஷி, இரண்டு வகுப்பு ஒரே நாளில் கிடைத்ததாம். மாடவீதியில் உங்கள் காய்கறிக்கார அம்மா உங்களை விசாரித்தார்கள். பச்சைச் சுண்டைக்காய் வந்திருக்கிறதாம், மாமியை வரச் சொல்லுங்க என்றார்கள். மாமி புனேயில் இருக்கிறார் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது உங்கள் கார். ஏப்ரலில் நீங்கள் போனதிலிருந்து, கொடுத்த வாக்குப்படி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மந்தைவெளிக்கு வந்து அதை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். பானட்டின் மேல் ஒரு பூனை குடிவந்திருக்கிறது. என்னைக் கண்டால் வாடகை கேட்க வந்த வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் முறைக்கிறது. போன மாதம் ராம்குமார் போன் செய்தான். அம்மா இனிமேல் இங்கேயே இருக்கட்டும், வண்டிக்கு நல்ல ஆளாகப் பாருங்கள் ஆன்ட்டி என்றான். அம்மா சரி என்றாரா என்று கேட்டேன். சரின்னுட்டா என்றான். உங்கள் குடும்பத்து முடிவு, நடுவில் நான் யார் என்று ஆள் தேட ஆரம்பித்தேன். தேனாம்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜீஷான் என்பவர் வந்தார். தன் அம்மாவை வெளியே அழைத்துப் போக ஒரு பழைய வண்டி வேண்டுமாம். மரியாதையான மனிதர். போன ஞாயிறு வந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிடித்துவிட்டது. வருகிற 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடித்துவிட்டு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

வண்டியை விற்றுவிடு, சாவியைக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இங்கே எல்லாரும் நன்னாத்தான் பாத்துக்கறா, எனக்குத்தான் ஒரு வேலையும் இல்லை, அடுப்புகூடப் பத்தவைக்க விடமாட்டேங்கறா என்று ஆரம்பித்து, அறுபத்தெட்டு வயசுல திரும்பிப் பார்த்தா நான் இருந்ததால யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறீர்கள். சமைச்சேன், ஒருத்தரை ஆறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போனேன், அவரும் போயிட்டார், அவ்வளவுதானே என்கிறீர்கள். கச்சேரி ரோட்டுல அன்னிக்குத் தானே பிரேக் போட்ட பங்கஜம்னு ஒருத்தி இருந்தா, அவளை வச்சுண்டுதான் இத்தனை நாள் தைரியமா இருந்தேன், எங்காத்து கேட்டுல இடிச்ச அன்னிக்கு அவ போயிட்டா என்று முடித்திருக்கிறீர்கள்.

படித்துவிட்டு உங்களை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டில் யாரோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. உங்களை நினைத்து மட்டும் இல்லை, என்னை நினைத்தும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மெஹக்கின் அப்பா போனது 2011-இல். இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாள் முடிந்து நான் வெளியே வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பொருள் மிச்சம் இருந்தது. மெஹபூப் டிரைவிங் ஸ்கூல் என்ற போர்டும் ஒரு காரும். ஒரு பொம்பளையிடம் யார் வந்து வண்டி கற்றுக்கொள்ளப் போகிறார்கள், இரண்டையும் விற்றுவிடு என்றார் அவருடைய அண்ணன் அப்துல் சமத். நான் கேட்கவில்லை. போர்டில் ‘பெண்களுக்குப் பெண் ஆசிரியை’ என்று புதிதாக எழுதவைத்தேன். இரண்டு மாதம் ஒரு ஈ காக்கை வரவில்லை. வகுப்பு நடப்பதுபோல் தெருவுக்குத் தெரியட்டும் என்று காலையில் காருக்குள் போய் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு இறங்குவேன். கடைசியில் அப்துல் சமத் அண்ணன் ஒரு ஆளையே கூட்டிக்கொண்டு வந்து வண்டியைக் காட்டினார்.

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள். சுங்குடிப் புடவை, கையில் துணிப்பை, பைக்குள் சேஷாத்ரி மாமாவின் டயாலிசிஸ் பைல். இங்க கார் சொல்லிக்குடுக்கறது யாரு என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, எங்காத்துக்காரரை வாரத்துல மூணு நாள் அடையாறுக்கு அழைச்சுண்டு போகணும், எத்தனை நாள்ல வரும் என்றீர்கள். இருபத்தாறு நாள் என்று ஏதோ ரொம்பப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் மாதிரி சொன்னேன். நீங்கள்தான் முதல் ஆள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமி, இத்தனை வருஷத்தில் உங்களை மாதிரி மோசமான மாணவி எனக்கு வாய்த்ததே இல்லை. கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விட்டுவிடுவீர்கள். ஹாரன் அடிக்கச் சொன்னால், பாவம் முன்னால போறவா பயந்துடுவா என்பீர்கள். பதினெட்டாம் நாள் மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் வாசலில் வண்டி நாலு தடவை நின்றுபோய், பின்னால் நின்ற பஸ்காரர் இறங்கி வந்து கும்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் அழுதுகொண்டே, எனக்கு வராது சகினா, நாளையோட நிறுத்திக்கறேன், யாராவது ஆட்டோக்காரரைப் பேசிக்கறேன் என்றீர்கள். சரி, நாளைக்கு ஒரு நாள் வாருங்கள் என்றேன்.

அந்த ஒரு நாள்தான் கச்சேரி ரோடு. அந்தக் கதையை நீங்கள் சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! சந்திலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி திடீரென்று குறுக்கே வந்தது. நம் கார் ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த ஆள் இறங்கி, இன்னாம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா என்று கத்தினார். நீங்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நான் போட்டேன் சகினா, நானே பிரேக் போட்டேன் என்று சிரிக்கிறீர்கள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நேராகப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லிச் சிதறுகாய் போட்டீர்கள். நிறுத்திக்கொள்கிறேன் என்ற பேச்சு அதோடு போய்விட்டது.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதை.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் உட்காருகிற டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், உங்களுக்குத் தெரியும். மெஹக்கின் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே ஒரு விதி வைத்திருந்தார். நம் கால் அந்தப் பிரேக்கை லேசாகத் தொட்டால்கூட உடனே வாய்விட்டு ‘என் கால்’ என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஓட்டுகிறவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். நாளைக்குத் தனியாகப் போகும்போது வராத பிரேக்கை நம்பிப் போய் மோதுவார். தொழுகையை விட்டாலும் அவர் இந்த விதியை விட்டதில்லை. நானும் உங்களிடம் பதினெட்டு நாளும் ‘என் கால், என் கால்’ என்று சொல்லிச் சொல்லித்தான் வண்டியை நிறுத்தினேன். ஆமாம், எல்லாம் உன் கால்தான், என் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை என்று நீங்களும் புலம்புவீர்கள்.

பத்தொன்பதாம் நாள் நான் சொல்லவில்லை.

கச்சேரி ரோட்டில் வண்டியை நிறுத்தியது என் கால், மாமி. உங்கள் கால் அப்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நாளில் முதல்முறையாக அந்த முகம் சிரிக்கிறது. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வருவதற்குள் நீங்கள் குருக்களிடம் சொல்லியாயிற்று, பஜனை கோஷ்டியில் சொல்லியாயிற்று, மாமாவிடம் சொல்லி அவர் உங்களுக்குக் கைகொடுத்தாராம். ஒரு வாரத்தில் மாடவீதிக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உங்கள்மேல் வைத்த இரக்கம் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் நின்றுவிட்டால் என்னிடம் வேறு ஆள் கிடையாது, காரை விற்றிருப்பார்கள். பாதி உங்களுக்காக வாயை மூடினேன், பாதி என் வயிற்றுக்காக.

ரிவர்ஸ் சரியாக வரவில்லை என்று சொல்லிக் கூடுதலாகப் பத்து நாள் உங்களை இழுத்தடித்தேனே, ரிவர்ஸ் நன்றாகத்தான் வந்தது. நீங்களாகப் பிரேக் போடுகிறீர்களா என்று என் கண்ணால் பார்க்காமல் உங்களைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பத்து நாளும் காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு வேலை வைக்கவில்லை நீங்கள். ஆனாலும் நான் சொன்ன பொய் பொய்தான். பதிமூன்று வருஷமாக நீங்கள் அந்தக் கதையை ஆரம்பித்தாலே எனக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்துவிடும். மெஹக்கின் நிக்காஹ் விருந்தில்கூட எங்கள் சொந்தக்காரப் பெண்களை உட்காரவைத்து நீங்கள் சொல்ல, நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போனேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன்? கச்சேரி ரோட்டுப் பங்கஜம் போய்விட்டாள் என்று துக்கம் கொண்டாடுகிறீர்களே, அதற்காகத்தான். அப்படி ஒருத்தி அன்றைக்கு இருக்கவே இல்லை மாமி. அவளை நான்தான் உண்டாக்கினேன். ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம் திங்கள், புதன், வெள்ளி என்று அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய் வந்தது யார்? மழையில், வெயிலில், மாமாவுக்கு மயக்கம் வந்த நாளில், பாலத்துமேல் வண்டிகள் நகராமல் நின்ற நாளில்? அங்கே என் கால் இல்லை. அத்தனை பிரேக்கும் நீங்கள் போட்டது. அதற்கு மட்டும் ஒரு சிதறுகாய் நீங்கள் போட்டதில்லை.

அவரும் போயிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். போனார். ஆனால் எப்படி இருந்துவிட்டுப் போனார்? ஒரு தடவை நான் உங்களோடு பின்சீட்டில் வந்தேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், மூணாவது கியர் போடு பங்கஜம், ஏன் ரெண்டுலயே உருட்டறே என்று மாமா ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே வந்தார். நோயாளி மாதிரியா இருந்தார்? மனைவிக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிற மிடுக்கான மனிதராக இருந்தார், அதுவும் தனக்கு ஓட்டவே தெரியாமல். வாரத்தில் மூன்று நாள் அந்த மிடுக்கை அவருக்குக் கொடுத்தது நீங்கள். நான் இருந்ததால் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இன்னொன்று, போன ஞாயிறு நடந்தது. ஜீஷான் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, ஒரு பிங்க் ஆட்டோ அவருக்குக் குறுக்கே வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவள் முத்துலட்சுமி. உங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறாளே, தி.நகர் துணிக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிற இசக்கிமுத்துவின் மனைவி, அவளேதான். போன வருஷம் என்னிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தாள், இப்போது ஆட்டோ ஓட்டுகிறாள். யாருல நீ, மாமி வண்டியத் தொட ஒனக்கு எவன் சொன்னது என்று அவள் போட்ட சத்தத்தில் ஜீஷான் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்தேன். விற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. மாமி இனிமே வரமாட்டாங்களா என்று கேட்டுவிட்டு உங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அவளுக்குத் தெருவைக் கடக்கவே பயமாம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் உங்கள் கேட் தெரியுமாம். காலையில் நீங்கள் மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு, அப்புறம் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதை அவள் நின்று பார்ப்பாளாம். மொதல்ல அஞ்சு தடவையில எடுப்பாங்க, பொறவு மூணு தடவையில எடுத்தாங்க, ஒரு நாள் ஒரே தடவையில எடுத்துட்டாங்க அக்கா, அன்னைக்கு நான் கை தட்டினேன், அவங்களுக்குத் தெரியாது என்றாள். இந்த வயசுல இவங்க ஓட்டும்போது நமக்கு என்ன கேடுன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு என்றாள். பாருங்கள், என் போர்டைப் பார்த்துத்தான் அவள் வந்தாள் என்று நான் இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்! நீங்களோ அவளை உறைமோர் கடன் வாங்குகிற பெண் என்ற அளவில்தான் வைத்திருந்தீர்கள்.

மூன்றாவது ஆள் நான். லைசென்ஸ் கையில் வந்த மறுவாரமே உங்கள் பஜனை கோஷ்டியிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து என் வாசலில் நிறுத்தினீர்கள். அவர்கள் மருமகள்களைக் கூட்டிவந்தார்கள், மருமகள்கள் ஆபீஸ் தோழிகளை. அப்துல் சமத் அண்ணன் அதற்கப்புறம் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மெஹக் படித்தது, நான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இந்த வீட்டில் இருப்பது, எல்லாம் நீங்கள் அந்தத் துணிப்பையோடு உள்ளே வந்ததால். முதல் வருஷம் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்கள். அடுத்த ரம்ஜானுக்கு ஷீர் குருமாவை, இது பால் பாயசம்தானே என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லி இரண்டு கிண்ணம் குடித்தீர்கள். எனக்குக் கூடப் பிறந்த அக்கா கிடையாது மாமி. அன்றைக்குத்தான் கிடைத்தார்.

கேட்டில் இடித்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போய்ப் பார்த்தேன். தூணில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிராய்ப்பு, பம்பரில் ஒரு நெளிசல். நான் என் வீட்டுச் சுவரில் மூன்று தடவை இடித்திருக்கிறேன், டீச்சர் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சும்மா விடச் சொல்லவில்லை. கண்ணில் புரை இருக்கலாம், ராம்குமாரிடம் சொல்லிக் கண் டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்றால் இங்கே வாருங்கள். பத்து நாள் என் ஸ்கூல் வண்டியில் உங்களை ஓட்டவைக்கிறேன். இந்தத் தடவை என் கால் பிரேக்கில் பட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி ‘என் கால்’ என்று கத்துவேன். உங்களால் முடியாது என்று எனக்குத் தோன்றினால் உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்வேன், சாவியை நானே ஜீஷானிடம் கொடுப்பேன். உங்களிடம் இனி ஒரு பொய் சொல்ல என்னால் முடியாது. ஓட்டவில்லை என்று நீங்களே முடிவு செய்தாலும் சரி. ஆனால் யாருக்கும் ஒன்றும் செய்யாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

இனி என் விஷயம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், பயமுறுத்துவதாக ஆகிவிடுமே என்று தள்ளித் தள்ளி வந்தேன். என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரிய ஆபத்து ஒன்றும் இல்லையாம். செப்டம்பர் 18, வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் திரும்பவும் டீச்சர் சீட்டில் உட்கார முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். முடியாது என்றாலும் எனக்குக் குறை இல்லை. முந்நூறு பேருக்குமேல் சொல்லிக்கொடுத்திருப்பேன், யார் யார் எங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ, நல்லா இருக்கட்டும். மெஹக் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறாள். பிறகு ஒன்றரை மாதம் வாரத்தில் இரண்டு நாள் கோபாலபுரத்துக்குப் பிசியோதெரபிக்குப் போய்வர வேண்டும்.

28-ஆம் தேதிக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஜீஷானுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் சொன்னாலும் பரவாயில்லை. கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், ஒரு வாரம் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கண்ணுக்கும் காலுக்கும் ஆண்டவன் நல்ல பலத்தைக் கொடுக்கட்டும்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மெஹக் டாக்சி சொல்கிறேன் என்கிறாள். முத்துலட்சுமி, நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா என்கிறாள். இரண்டு பேரிடமும், எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியில், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது மாமி. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள்
சகினா